வீட்டுக் கள்ளியின் அழுகலும் மீட்பும்

வீட்டுக் கள்ளி அழுகல் என்பது, தொட்டியில் வீட்டுக்குள் வளர்க்கப்படும் காக்டஸ் வகைக் கள்ளிகளின் வேரும் அடித்தண்டும் மிகுதியான ஈரத்தால் அழுகிப்போகும் நிலையாகும். தொட்டிக் கள்ளிகள் இறந்துபோவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அழுகல் தண்டு முழுவதும் பரவுமுன் கண்டுகொண்டால், வெட்டி உலர்த்தி மீண்டும் வேர்விடச் செய்து செடியைக் காப்பாற்றலாம். தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரும் அதற்கு மேற்கே உயரும் ஏலமலைச் சரிவுகளும் இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன. அருகருகே உள்ள இவ்விரு இடங்களிலும் ஒரே கள்ளிக்குத் தேவைப்படும் நீரின் அளவு வேறுபடுகிறது.

கள்ளி என்னும் சொல்

தமிழில் கள்ளி என்னும் பெயர் இரண்டு வேறு குடும்பங்களைக் குறிக்கிறது. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி ஆகியவை யூபோர்பியா இனத்தைச் சேர்ந்தவை. கீறினால் பால் வடியும். சப்பாத்திக்கள்ளி, டிராகன் பழக்கொடி, நாற்றுப் பண்ணைகளில் விற்கப்படும் உருண்டைக் கள்ளிகள் ஆகியவை காக்டேசி குடும்பத்தவை. இவற்றின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். இரவில் பூப்பதால் பல வீடுகளில் பிரம்ம கமலம் என்று போற்றப்படும் செடியும் காக்டேசி குடும்பத்ததே. ஆனால் அது மரங்களைப் பற்றி வளரும் காட்டுக் கள்ளி என்பதால் நிழலையும் ஓரளவு ஈரத்தையும் விரும்பும்.

வெட்டுவதற்கு முன் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். யூபோர்பியாவின் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் பார்வைப் பாதிப்பும் ஏற்படலாம். அவ்வகைச் செடியைக் கையுறை அணிந்தே வெட்டவேண்டும். வெட்டு முகத்தை நீரில் கழுவிப் பாலை நிறுத்திய பின்னரே உலர்த்தவேண்டும்.

அழுகலுக்குக் காரணம்

பாலைநிலக் கள்ளி தன் சதைப்பற்றான தண்டில் நீரைச் சேமிக்கிறது. இலைத்துளைகளைப் பகலில் மூடி இரவில் திறக்கிறது. அன்னாசியும் இவ்வாறே செய்கிறது. இதனால் அது இழக்கும் நீர் மிகக் குறைவு. இழப்பு குறைவாக இருப்பதால் வேர் உறிஞ்சுவதும் குறைவு. நாள்தோறும் ஊற்றும் நீர் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. மண் துகள்களின் இடைவெளிகளில் காற்றுக்குப் பதில் நீர் நிற்கும்போது வேர் மூச்சுத் திணறி இறக்கிறது. இறந்த வேரில் பித்தியம், பைட்டோப்தோரா, பியூசேரியம் போன்ற நுண்ணுயிர்கள் புகுந்து தண்டுக்குள் ஏறுகின்றன.

ஏல விவசாயிகளுக்கு இது புதிதன்று. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஏலக்காயைத் தாக்கும் அழுகல் நோய்க்குப் பைட்டோப்தோராவும், தூர் அழுகலுக்குப் பித்தியம் முதலியவையும் காரணம். மழைக்கு முன்பே வடிகால் வெட்டுவதும், நிழல்மரக் கிளைகளைக் கவாத்து செய்து காற்றும் வெளிச்சமும் விடுவதும் தோட்டங்களில் வழக்கம். தொட்டிக் கள்ளிக்கும் வேண்டியவை வடிகால், காற்று, வெளிச்சம் ஆகியவையே.

அடிவாரமும் மலையும்

போடிநாயக்கனூர் மலையின் மழை மறைவுப் பக்கத்தில் உள்ளது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கு வறண்ட காற்று வீசும். முதன்மையான மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் பகுதிகளில் ஜூன் தொடங்கி மாதக்கணக்கில் மழையும் மூடுபனியும் நீடிக்கும். ஏலச்செடிக்கு ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை வேண்டும் என்பதிலிருந்தே அம்மலையின் ஈரத்தை உணரலாம்.

ஜூலை மாதத்தில் போடி வீட்டுச் சன்னலோரம் சிறு மண்தொட்டி சில நாள்களிலேயே காய்ந்துவிடும். அதே தொட்டி மலைவீட்டில் வாரங்கள் கழிந்தும் ஈரமாகவே இருக்கும். ஆகவே ‘வாரம் ஒரு முறை நீர்’ என்ற பொதுவிதி மலையில் செடியைக் கொல்லும். நாள்காட்டியைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்து நீர் விடவேண்டும். ஒரு ஈர்க்குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி எடுத்தால், அதில் ஈரமண் ஒட்டியிருக்கும்வரை நீர் தேவையில்லை. மலையில் மழைமாதங்கள் முழுவதும் நீர் விடாமலே இருக்க நேரலாம்.

தாகமா, அழுகலா?

கள்ளி சுருங்கினால் அதற்குத் தாகம் என்று எண்ணி நீர் ஊற்றுவது இயல்பு. வேர் அழுகிய செடியும் நீரை உறிஞ்ச முடியாமல் அதே போலச் சுருங்கும். அப்போது ஊற்றும் நீர் அழுகலை விரைவுபடுத்தும்.

தாகம்: மண் காய்ந்திருக்கும், தொட்டி இலேசாக இருக்கும், தண்டு சுருங்கினாலும் தொட்டால் உறுதியாக இருக்கும். நன்றாக நீர் விட்டு வடியவிட்டால் சில நாள்களில் செடி தெளியும்.

அழுகல்: மண் ஈரமாக இருந்தும் செடி சுருங்கும், அடித்தண்டு மென்மையாகி மஞ்சள், பழுப்பு அல்லது கருப்பு நிறமாகும், செடி சாயும், சில நேரம் துர்நாற்றம் வீசும்.

அடித்தண்டு பழுப்பாக இருந்தும் கட்டைபோல உறுதியாக இருந்தால் அது முதுமையால் வரும் பட்டை; நோயன்று. ஐயம் இருந்தால் நீர் ஊற்றாமல் செடியைப் பெயர்த்து வேரைப் பார்ப்பதே சரியான வழி.

மீட்கும் முறை

1. பல மடிப்பாக மடித்த செய்தித்தாளால் செடியைச் சுற்றிப் பிடித்து, தொட்டியிலிருந்து எடுத்து மண்ணை உதிர்க்கவும். நல்ல வேர் வெளிர்நிறமாக, இழுத்தால் அறாமல் இருக்கும். அழுகிய வேரின் மேல்தோல் உருவிக்கொண்டு நூல் போன்ற நடுநரம்பு மட்டும் மிஞ்சும்.

2. வேர் மட்டும் அழுகியிருந்தால் அழுகியவற்றை நறுக்கி, செடியை ஒரு வாரம் நிழலில் உலர்த்திப் புதிய மண்ணில் நடவும்.

3. தண்டும் அழுகியிருந்தால், கூரிய கத்தியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, அடியிலிருந்து மெல்லிய வில்லைகளாக வெட்டிக்கொண்டே மேலேறவும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்கவேண்டும்.

4. வெட்டு முகத்தின் நடுவில் வளையமாகத் தெரிவது நீரையும் உணவையும் கடத்தும் குழாய்த் தொகுதி. அதில் ஒரு பழுப்புப் புள்ளி இருந்தாலும் நிறுத்தக்கூடாது. சதையும் வளையமும் முற்றிலும் மாசற்றுத் தெரியும்வரை வெட்டவேண்டும். உச்சிவரை பழுப்பு ஓடியிருந்தால் அச்செடியை மீட்க முடியாது. பக்கக் குட்டிகள் நலமாக இருந்தால் அவற்றை மட்டும் பிரித்து வளர்க்கலாம்.

5. வெட்டு முகத்தின் விளிம்பைப் பென்சில் சீவுவதுபோலச் சரித்துச் சீவவும். இல்லாவிட்டால் உலரும்போது நடுப்பகுதி உள்வாங்கி, அங்கே தோன்றும் வேர்கள் மண்ணைத் தொடாது. கந்தகத் தூளைத் தூவலாம்.

6. காலி டம்ளரின் வாயில் நிமிர்த்தி வைத்து, காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று வாரம் உலர்த்தவும். மலையில் கூடுதல் நாள்கள் ஆகும். வெட்டு முகம் காய்ப்பேறியது போல் கெட்டியாகவேண்டும்.

7. ஒரு பங்கு செம்மண்ணுக்கு இரண்டு பங்கு பரு ஆற்றுமணல் அல்லது பொடி நீக்கிய செங்கல் துணுக்கு கலந்து, அடியில் துளையுள்ள மண்தொட்டியில் நிரப்பி, அதன்மேல் செடியை அமர்த்தவும். வேர் தோன்றும்வரை நீர் வேண்டாம். இதற்கு மூன்று முதல் ஆறு வாரம் ஆகலாம். மெல்ல அசைத்தால் செடி மண்ணைப் பற்றியிருப்பது தெரியும்.

அழுகிய சதையை எந்த மருந்தாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. வெட்டி நீக்குவதே மருத்துவம்.

ஒட்டுக் கள்ளிகள்

சிவப்பு, மஞ்சள் தலையுடன் விற்கப்படும் நிலாக் கள்ளியின் தலையில் பச்சையம் இல்லை. டிராகன் பழ வகையைச் சேர்ந்த பச்சைத் தண்டின்மேல் அது ஒட்டப்பட்டிருக்கும். தண்டு அழுகினால் தலையைத் தனியே நட்டுப் பயனில்லை; தன் உணவை அதனால் தயாரிக்க முடியாது. புதிய தண்டில், இரண்டின் குழாய் வளையங்களும் ஒன்றையொன்று தொடும்படி உடனே மீண்டும் ஒட்டவேண்டும்.

மாவுப்பூச்சி

முள் முளைக்கும் இடங்களில் வெண்பஞ்சு போல ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக் குச்சியால் வாரம் ஒரு முறை தொட்டு நீக்கலாம். வேரிலும் இது வாழும் என்பதால் மண்ணை மாற்றும்போது அங்கும் பார்க்கவேண்டும். நசுக்கினால் செஞ்சாறு வருமானால் அது கொச்சினீல் பூச்சி. தென்னிந்திய நிலங்களில் பரவிக் கிடந்த சப்பாத்திக்கள்ளியை ஒழிக்க 1926-ல் இலங்கையிலிருந்து இவ்வினத்துப் பூச்சி ஒன்று கொண்டுவந்து விடப்பட்டது. சில ஆண்டுகளில் பெரும் புதர்கள் அழிந்தன. வீட்டில் இதைக் கண்டால் அச்செடியை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்கவேண்டும்.

மீட்ட பின் பராமரிப்பு

மீண்ட செடியை உடனே வெயிலில் வைத்தால் தோல் வெந்து வெண்திட்டுகள் விழும்; அவை மறையா. இரண்டு வாரங்களில் சிறிது சிறிதாக வெளிச்சத்தைக் கூட்டவேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் தண்டு வெளிறி, மெலிந்து, சன்னலை நோக்கி நீளும். துளையில்லாத பீங்கான் கிண்ணத்தின் அடியில் கூழாங்கல் பரப்புவது வடிகால் ஆகாது; நீர் வெளியேற வழி வேண்டும். கடையிலிருந்து தென்னை நார்க்கழிவில் வரும் செடிகளை, வாங்கிய சில வாரங்களுக்குள் மணற்பாங்கான மண்ணுக்கு மாற்றுவது நல்லது. மலைவீடுகளில் இந்த மாற்றத்தை ஜூன் மழை தொடங்குமுன் முடித்துவிட வேண்டும்.