கொக்கலவின் பறக்கும் படகுகளும் இறப்பர்க் காடுகளும்

இரண்டாம் உலகப் போர் இலங்கையை எட்டிய நாளாக 1942 ஏப்ரல் 5ஆம் திகதியையே நாம் நினைவிற் கொள்கின்றோம். கொழும்பின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டுவீசிய உயிர்த்த ஞாயிறு அது. ஆயினும், அதற்கு முதல்நாள் மாலையே இலங்கையின் தென்கிழக்கே ஏறத்தாழ 600 கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு விமானம் தன்னைப் பலிகொடுத்து எச்சரிக்கை அனுப்பியிருந்தது.

காலிக்கு அண்மையிலுள்ள கொக்கல வாவியிலிருந்து புறப்பட்ட கற்றலினா என்ற பறக்கும் படகே அவ்விமானமாகும். கனடிய விமானப்படையின் 413ஆவது அணியைச் சேர்ந்த லெனார்ட் பேர்ச்சல் அதனைச் செலுத்தினார். ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டதும் அதன் நிலையையும் திசையையும் வானொலி மூலம் அறிவித்துக்கொண்டிருக்கையிலேயே ஸீரோ போர் விமானங்கள் சூழ்ந்து தாக்கின. ஒன்பது பேரில் மூவர் உயிரிழந்தனர், அறுவர் சிறைப்பட்டனர்.

கற்றலினாவிடம் துப்பாக்கிகள் இல்லாமலில்லை. மூக்கிலும், பின்பகுதியின் இருபுறமும் கண்ணாடிக் குமிழிகளுக்குள்ளும், வாற்புறத்தின் அடியிலும் அவை அமைந்திருந்தன. எனினும் அவை வீரர் கையாலேயே திருப்ப வேண்டிய 7.7 மில்லிமீற்றர் இயந்திரத் துப்பாக்கிகள். ஸீரோவிடமோ 20 மில்லிமீற்றர் பீரங்கிகள் இரண்டு இருந்தன; வேகமும் ஏறத்தாழ இருமடங்கு.

பிற்காலத்தில் கொக்கலவிற்கு வந்த சண்டர்லண்டின் நிலை வேறு. அதன் வாலில் நான்கு துப்பாக்கிகள் கொண்ட சுழல்கூண்டு இருந்தது. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கிய அக்கூண்டு, சுடுபவரையும் சேர்த்தே சுழன்றது. காற்றின் விசையை எதிர்த்துத் துப்பாக்கியைத் தள்ளும் பாடு அவருக்கில்லை. 1943 ஜூன் 2ஆம் திகதி பிஸ்கே விரிகுடாவில் ஜேர்மனியின் எட்டு விமானங்களை எதிர்த்துப் போராடி ஒரு சண்டர்லண்ட் கரை சேர்ந்ததற்கு இக்கூண்டுகளும் காரணமாகும்.

ஆயினும், ரோந்து விமானத்தின் துப்பாக்கி வெற்றிக்கானதன்று. செய்தி போய்ச்சேரும் வரையிலான சில நிமிடங்களைப் பெற்றுத்தருவதே அதன் பணி. பேர்ச்சலின் குழு அந்நிமிடங்களை உயிர்கொடுத்தே பெற்றது. அதனாலேயே கொழும்புத் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் பல முன்கூட்டியே வெளியேற முடிந்தது.

இவ்விடத்தில் புளத்கொகுபிட்டிய போன்ற சப்ரகமுவத் தோட்டங்களை நாம் மறந்துவிட இயலாது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின், நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரின் முதன்மை மூலமாக இலங்கை விளங்கியது. விமானச் சக்கரங்களுக்கு மட்டுமன்றி, குண்டு துளைத்தாலும் தானே அடைபடும் எரிபொருட் தாங்கிகளுக்கும் இறப்பர் தேவைப்பட்டது. பதப்படுத்தாத இறப்பர்ப் படை பெற்றோல் பட்டதும் உப்பித் துளையை மூடிவிடும். துப்பாக்கி தடுக்கத் தவறிய குண்டை இறப்பர் தாங்கிக்கொண்டது எனலாம். மரம் பட்டுப்போனாலும் சரியென்று அளவுக்கு மீறிப் பால் வெட்டப்பட்ட ஆண்டுகள் அவை. விடியுமுன் கத்தியோடு மரத்தடிக்குச் சென்றவர்களுட் பெருந்தொகையினர் மலையகத் தமிழ்த் தொழிலாளர்களே.

பேர்ச்சல் ‘இலங்கையின் இரட்சகர்’ எனப் போற்றப்பட்டார். அது தகும். ஆனால் போர் முடிந்து மூன்றே ஆண்டுகளில், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் அத்தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவராக்கப்பட்டனர். எஞ்சியோரின் நாடற்ற நிலையைப் போக்கும் சட்டத்திற்கு 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

கொக்கலவின் வீரர்களை நினைவுகூரும் நாடு, கேகாலையின் இறப்பர்க் காடுகளில் உழைத்தோரையும் அதே வரலாற்றில் எழுதுவதே நீதியாகும். பாடநூல்களில் ஒரு பந்தியேனும் அதற்கு ஒதுக்கப்படல் வேண்டும்.