கண்ணாடிப் பொடியும் செப்புத் தகடும்

எனாமல் என்றதும் நம் வீட்டு வெள்ளைக் கோப்பையும் அதன் நீல விளிம்பும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும், அந்தக் கோப்பையின்மேல் படிந்திருக்கும் அதே வகை வஸ்துவைக் கொண்டுதான், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிப் பிரிட்டனின் கலைஞர் சிலர், ஓவியமென்றோ ஆபரணமென்றோ பிரித்துரைக்க இயலாத அபூர்வ சிருஷ்டிகளை நமக்கு விட்டுச் சென்றனர்.

ஆலைகள் ஒரே அச்சில் பொருள்களை வார்த்துக் குவித்த அக்காலத்தில், செய்பவனுடைய ஆனந்தம் செய்யப்படும் பொருளில் குடிகொள்ள வேண்டுமானால் சிந்திக்கும் மனமும் உழைக்கும் கையும் பிரியலாகாது என்று சிந்தனையாளர்களான ரஸ்கினும் வில்லியம் மாரிஸும் வற்புறுத்தியதன் பயனாக எழுந்தது, கலை-கைவினை இயக்கம். 1888-இல் லண்டனில் நடந்த பொருட்காட்சியால் அதன் பெயர் எங்கும் பரவிற்று.

அவ்வியக்கத்தாருக்கு எனாமலின்பால் உண்டான பிரியத்துக்கு அதன் செய்முறையே காரணம் எனலாம். நிறமேற்றிய கண்ணாடியை நீர்விட்டு நுண்பொடியாக அரைத்து, செப்புத் தகட்டிலோ வெள்ளித் தகட்டிலோ பரப்பி, ஈரம் உலர்ந்தபின் ஏறக்குறைய 800 டிகிரி உஷ்ணமுள்ள உலையில் சில நிமிஷம் வைத்தால், பொடி உருகித் தகட்டோடு ஐக்கியமாகிவிடும். கோபால்ட் நீலத்தையும், செம்பு பச்சையையும், பொன் மாணிக்கச் சிவப்பையும் அளிக்கின்றன. அடியில் தங்க ரேக்கோ வெள்ளி ரேக்கோ பதித்துவிட்டால், வர்ணத்தின் உள்ளிருந்தே ஒளி எழுவதுபோல் தோன்றும். பூச்சின்மேல் பூச்சாகப் பன்முறை சுடவேண்டும். தகட்டின் பின்புறத்திலும் எனாமல் பூசாவிட்டால், ஆறும்போது தகடு வளைந்து முன்புறத்துச் சித்திரம் விரிசல் காணும்.

இந்த வித்தையைப் பாரிஸில் பயின்று இங்கிலாந்தில் புத்துயிர் ஊட்டியவர் அலெக்ஸாண்டர் ஃபிஷர் (1864–1936). வாக்னரின் இசைநாடகக் காட்சிகளை எனாமலில் தீட்டி அவர் இழைத்த எஃகு ஒட்டியாணம், லண்டன் விக்டோரியா-ஆல்பர்ட் காட்சிசாலையில் இன்றும் இருக்கிறது. எடின்பரோவில் வாழ்ந்த ஃபீபி ட்ராக்வேர் அம்மையாரோ, ஐம்பதை நெருங்கிய வயதில், 1901-இல், ஃபிஷரின் மாணவி ஒருவரிடம் இதைக் கற்று, உள்ளங்கையில் அடங்கும் தகடுகளில் தேவதைகளை உலவவிட்டார்.

நம்மவர் ஒருவருக்கும் இவ்வுலகோடு நெருங்கிய சம்பந்தம் உண்டு. அவ்வியக்கத்தைச் சேர்ந்த ஆஷ்பி 1888-இல் நிறுவிய கைவினைக் குழு, 1902-இல் லண்டனைவிட்டுச் சிப்பிங் காம்டன் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அதன் அருகே வசித்த கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் மைத்துனர் அக்குழுவில் நகை செய்தவர். அந்த மைத்துனரை மணந்த மே ஹார்ட் எனாமல் கலைஞர். சிங்களக் கைவினைகளைப் பற்றிய குமாரசுவாமியின் பெருநூல் 1908-இல் அச்சேறியதும் அவ்வட்டாரத்திலேதான்.

பழைய எனாமல் தகடு ஒன்றைக் காணும் பாக்கியம் கிட்டினால், அதன் பின்புறத்தையும் பார்க்க வேண்டுகிறேன்; ஒருவரும் பாரார் என்று தெரிந்தும் அங்கே இட்ட பூச்சினாலன்றோ முன்புறத்துச் சித்திரம் நூறாண்டு கடந்தும் பிளவுபடாமல் நிற்கிறது!