சந்திரனில் கள்ளச் சுரங்கமா?

மயிலாப்பூர் நாகேசுவர ராவ் பூங்காவில் தினந்தோறும் காலை ஆறு மணிக்கு உலக விவகாரங்கள் அனைத்தும் தீர்மானமாகிவிடுகின்றன என்பது அந்தப் பக்கத்து வாசிகளுக்குத் தெரிந்த விஷயம். தியாகராய நகர்ப் பனகல் பூங்காவிலும் பெஸன்ட் நகர்க் கடற்கரையிலும் இதே சபை வேறு அங்கத்தினர்களைக் கொண்டு கூடுகிறது. தங்கத்தின் விலை, சங்கீத வித்துவான்களின் குரல் வளம், மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிய பள்ளங்கள் ஆகிய நித்திய விஷயங்களோடு இப்போது சந்திர மண்டலமும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

“அங்கே ரகசியமாகச் சுரங்கம் வெட்டுகிறார்கள், ஸார். ஹீலியம்-3 என்று ஒரு வஸ்து. ஒரு பிடி இருந்தால் ஓர் ஊருக்கே விளக்கு எரியும். 1972-க்குப் பிறகு அங்கே ஆள் இறங்கவில்லை என்று சொல்கிறார்களே, அதையெல்லாம் நம்பச் சொல்கிறீர்களா?” என்று ஒருவர் கேட்கிறார். மற்றவர்கள் தலையை அசைக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோ இதே கேள்வியைக் கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு நம்மிடம் கேட்கிறார்கள்.

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. இந்த வதந்தியில் பாதிக்கு மேல் வாஸ்தவமான சாஸ்திர விஷயம் கலந்திருக்கிறது. எது நெல், எது பதர் என்று புடைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹீலியம்-3 என்பது என்ன?

பலூனில் அடைக்கும் ஹீலியம் வாயுவுக்கு இலேசான ஒரு தம்பி உண்டு. அதுதான் ஹீலியம்-3. பூமியில் அது மிக அபூர்வம். சூரியனிடமிருந்து ஓயாமல் வீசும் சூரியக் காற்றில் அது உண்டு. ஆனால் பூமியின் காந்த மண்டலமும் வாயு மண்டலமும் அக்காற்றைத் தடுத்துவிடுகின்றன. சந்திரனுக்கு அத்தகைய குடை எதுவும் கிடையாது. ஆகவே சுமார் 400 கோடி வருஷங்களாகச் சூரியக் காற்று அங்குள்ள புழுதியில் நேரே மோதி, தன்னிடமுள்ள ஹீலியத்தைச் சிறிது சிறிதாகப் பதித்து வந்திருக்கிறது.

அமெரிக்காவில் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் சிலர் 1986-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். சந்திரனின் புழுதியில் சுமார் பத்து லட்சம் டன் ஹீலியம்-3 இருக்கலாம் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். டியூடிரியம் என்ற கன ஹைட்ரஜனோடு இதைப் பிணைத்தால் அளவற்ற சக்தி வெளிப்படும். கதிரியக்கக் கழிவும் மிகச் சொற்பம். ஒரு கிராம் ஹீலியம்-3 இவ்விதம் எரிந்தால் 1,60,000 யூனிட்டுக்கு மேல் உஷ்ணம் கிடைக்கும். அதில் பாதி மின்சாரமாக மாறினாலும், மாதம் 200 யூனிட் செலவழிக்கும் ஒரு குடும்பத்துக்கு முப்பது வருஷத்துக்கு மேல் போதும். பூங்காச் சபையார் மயங்குவதில் ஆச்சரியம் என்ன?

நம் நாட்டுப் பெரியவர்களும் மயங்கியதுண்டு. 2017 பிப்ரவரியில் புது டில்லியில் நடந்த ஒரு மகாநாட்டில், பிரம்மோஸ் ஏவுகணையின் சிற்பியான சிவதாணுப் பிள்ளை அவர்கள், 2030-க்குள் இந்தியாவின் சக்தித் தேவையைச் சந்திரனின் ஹீலியம்-3 கொண்டே பூர்த்தி செய்யலாம் என்று பேசினார். மறு வருஷம் இஸ்ரோவின் அப்போதைய தலைவரான சிவன் அவர்களும் இந்த எரிபொருளைப் பற்றிப் பிரஸ்தாபித்தார். இருவரும் தமிழர்கள், இருவரும் அநுபவசாலிகள். பூங்காவில் நடக்கும் பேச்சு ஆகாயத்திலிருந்து குதித்ததன்று என்பது இதிலிருந்து விளங்கும்.

லாரிக் கணக்கு

இனிக் கணக்கின் மறுபக்கத்தைப் பார்ப்போம். சந்திரப் புழுதியில் ஹீலியம்-3 நூறு கோடிப் பங்குக்குப் பத்துப் பங்கு இருக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அதாவது டன் ஒன்றுக்குப் பத்து மில்லிகிராம். ஒரு கிராம் வேண்டுமானால் 100 டன் புழுதியை வாரியாக வேண்டும். பத்து டன் லாரிகளில் பத்து லாரி மண்! அதைச் சுமார் 700 டிகிரி வரை சூடாக்கினால்தான் வாயு வெளிவரும். சூடாக்குவதற்கே ஏறக்குறைய 20,000 யூனிட் உஷ்ணம் செலவாகும்.

ஒரு தேசத்துக்கு விளக்கேற்ற ஒரு கிராம் போதாது. டன் கணக்கில் வேண்டும். ஒரே ஒரு டன் ஹீலியம்-3 எடுப்பதற்குப் பத்துக் கோடி டன் புழுதியைக் கிளற வேண்டும். மூன்று மீட்டர் ஆழத்துக்குத் தோண்டினாலும் 20 சதுர கிலோமீட்டர் நிலம் பிடிக்கும். மயிலாப்பூர்க் கடற்கரையிலிருந்து மேற்கே பனகல் பூங்கா வரையிலும், லஸ்ஸிலிருந்து தெற்கே பெஸன்ட் நகர் வரையிலும் உள்ள பிரதேசம் முழுவதையும், ஒரு தெருவோ குளமோ விடாமல், இரண்டு ஆள் ஆழத்துக்கு வெட்டிப் புரட்டினால் எப்படியிருக்குமோ, அப்படி!

இதுவரை சந்திரனிலிருந்து பூமிக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு? அப்பல்லோ பிரயாணங்களில் 382 கிலோ. ரஷ்யாவின் மூன்று லூனா யந்திரங்கள் கொணர்ந்தது கிலோவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சீனாவின் சாங்கே-5 யந்திரம் 2020-ல் 1,731 கிராம். சாங்கே-6 யந்திரம் 2024-ல் சந்திரனின் மறுபக்கத்திலிருந்து 1,935 கிராம். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 386 கிலோ. இவ்வளவும் உயர்ந்த ரகப் புழுதியே என்று வைத்துக்கொண்டாலும், அதிலுள்ள ஹீலியம்-3 நாலு மில்லிகிராமைத் தாண்டாது.

எரிபொருள் கிடைத்தாலும் எரிக்க அடுப்பு வேண்டும். சுலபமான பிணைப்பு என்று கருதப்படும் டியூடிரியம், டிரிடியம் சேர்க்கைக்கே 15 கோடி டிகிரி உஷ்ணம் தேவை. அதற்காக இந்தியா உட்படப் பல நாடுகள் சேர்ந்து பிரான்ஸ் தேசத்தில் ஈட்டர் என்ற பெரிய உலையைக் கட்டி வருகின்றன. ஹீலியம்-3 எரிவதற்கோ இன்னும் பல மடங்கு உஷ்ணம் வேண்டும். அதை எரித்து மின்சாரம் உண்டாக்கிய உலை உலகில் எங்கும் கிடையாது. அடுப்பே இல்லாத வீட்டுக்கு விறகு திருடிச் சேர்ப்பவன் யார்?

ஒளிக்க இடமுண்டா?

“சரி, ஆனாலும் ரகசியமாகச் செய்தால் நமக்கு எப்படித் தெரியும்?” என்பது அடுத்த கேள்வி. இதற்குப் பதில் சென்னையிலேயே இருக்கிறது.

2019 செப்டம்பரில் சந்திரயான்-2 கொண்டு சென்ற விக்ரம் என்னும் இறங்குகலம் தரையைத் தொடும் தருணத்தில் தொடர்பற்றுப் போயிற்று. அமெரிக்காவின் நாஸா ஸ்தாபனம், சந்திரனைச் சுற்றிவரும் தனது கலம் எடுத்த படங்களை அந்த மாதமே பகிரங்கமாக வெளியிட்டது. அவர்களால் விக்ரமைக் கண்டுபிடிக்க முடியவில்லை. சென்னையைச் சேர்ந்த சண்முக சுப்பிரமணியன் என்ற இளம் எஞ்சினியர், தம் உத்தியோக வேலை முடிந்த பிறகு இராத்திரி வேளைகளில் உட்கார்ந்து, பழைய படத்தையும் புதிய படத்தையும் அங்குலம் அங்குலமாக ஒப்பிட்டுப் பார்த்தார். முன்பு இல்லாத ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி புதிய படத்தில் இருந்தது. அதைக் குறித்து நாஸாவுக்கு எழுதினார். அவர்கள் மேலும் படங்கள் எடுத்துச் சோதித்து, 2019 டிசம்பரில் அவர் பெயரைச் சொல்லியே அதை ஒப்புக்கொண்டார்கள். கலம் மோதிய இடத்துக்கு வடமேற்கே 750 மீட்டர் தூரத்தில் கிடந்த ஒரு சிதறலை அவர் கண்டுபிடித்திருந்தார்!

நேயர்கள் சற்றே யோசிக்க வேண்டும். ஒரு தனி மனிதரின் கண்ணுக்கு உடைந்த துண்டே தப்பவில்லையென்றால், பத்துக் கோடி டன் மண்ணைப் புரட்டிய வடு தப்புமா? சந்திரனின் மறுபக்கம் பூமியிலிருந்து தெரியாது என்பது உண்மை; ஆனால் சுற்றிவரும் கலங்களுக்கு இரு பக்கமும் ஒன்றே. நமது சந்திரயான்-2 சுற்றுகலத்தின் காமிரா ஒரு முழத்துக்கும் சிறிய பொருள்களைப் பிரித்துக் காட்டக்கூடியது. 2022 மார்ச்சில் ஒரு பழைய ராக்கெட் துண்டு மறுபக்கத்தில் போய் விழுந்தது. அது விழப்போவதை வானத்தைக் கவனித்து வந்த தனி மனிதர் ஒருவரே முன்கூட்டி அறிவித்தார். விழுந்த பள்ளமும் பின்னர் படத்தில் அகப்பட்டது. 2009-ல் பேச்சு நின்றுபோன நமது சந்திரயான்-1, ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மீட்டரே உள்ள பெட்டி. அது சந்திரனைச் சுற்றிக்கொண்டிருப்பதை 2016-ல் பூமியிலிருந்தே ரேடார் மூலம் கண்டுபிடித்தார்கள்.

மேலும், இந்தச் சரக்கில் வியாபாரம் செய்ய நினைப்பவர்கள் ஒளிந்துகொள்ளவில்லை, தமுக்கடிக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு கம்பெனி சந்திரனிலிருந்து ஹீலியம்-3 எடுக்கப்போவதாக 2024-ல் வெளிப்படையாக அறிவித்தது. மறு வருஷம் அந்நாட்டின் எரிசக்தி இலாகா அவர்களிடம் மூன்று லிட்டர் வாயு வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் செய்தது. மூன்று லிட்டரின் நிறை அரை கிராமுக்கும் குறைவு. ஹீலியம்-3 இன்று வேண்டியிருப்பது உலைக்காகவும் அன்று. மிகக் கடுங்குளிரை உண்டாக்கும் ஆராய்ச்சிச் சாதனங்களுக்கும், நியூட்ரானைக் கண்டறியும் கருவிகளுக்கும்.

பட்டப்பகலில் நடப்பது

அப்படியானால் கவலைக்கு இடமே இல்லையா? இருக்கிறது. ஆனால் கவலை வேண்டியது இருட்டைப் பற்றியல்ல, வெளிச்சத்தைப் பற்றி.

சந்திரப் புழுதியில் ஹீலியத்தை அதிகமாகப் பிடித்து வைத்திருக்கும் கனிமத்துக்கு இல்மனைட் என்று பெயர். அந்தக் கருமணல் கன்னியாகுமரி ஜில்லாவில் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் அலையலையாகக் கிடக்கிறது. அதனோடு கலந்து மோனஸைட் என்ற மணலும் கிடக்கிறது. அதில் நூற்றுக்கு எட்டு ஒன்பது பங்கு தோரியம். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து வந்த தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் இந்த மோனஸைட்டைக் கண்டுகொண்டார். பிறகு மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. ஐரோப்பிய நகரங்களின் காஸ் விளக்குத் திரிகளுக்காக நமது கடற்கரை மணல் கப்பலேறியது. அதைத் திருட்டு என்று யாராவது சொன்னார்களா? இல்லை. எல்லாம் சட்டப்படி, பட்டப்பகலில், முத்திரைக் காகிதத்தில் நடந்தது. மணலின் மதிப்பு வாங்கினவனுக்குத் தெரியும்; கொடுத்தவனுக்குத் தெரியாது. வித்தியாசம் அவ்வளவே. சுதந்திரம் பெற்ற பிறகு, 1950-ல்தான் இதற்கென அருமணல் ஸ்தாபனம் ஒன்று ஏற்பட்டது.

அதன் பிறகும் கண் அயர்ந்துவிட முடியவில்லை. தென் ஜில்லாக்களின் கடற்கரையில் கனிம மணல் முறைகேடாக அள்ளப்படுகிறது என்ற புகாரின் பேரில், 2013-ல் தமிழ்நாடு சர்க்கார் அந்த வேலையை நிறுத்தி விசாரணைக் குழு அமைத்தது. 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையின் விசாரணைக்கு உத்தரவிட்டது. எட்டாத சந்திரனில் கள்ளச் சுரங்கம் தேடுகிறவர்கள், ரயிலேறினால் மறுநாள் காலை எட்டிவிடும் கடற்கரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் காணோம்!

சந்திரனுக்கும் இப்போது முத்திரைக் காகிதம் தயாராகி வருகிறது. எந்தத் தேசமும் சந்திரனைச் சொந்தம் கொண்டாடலாகாது என்று 1967-ஆம் வருஷத்து உடன்படிக்கை கூறுகிறது. அங்குள்ள செல்வம் மனித குலம் முழுமைக்கும் பொது என்று 1979-ஆம் வருஷத்து உடன்படிக்கை கூறுகிறது. அதில் இந்தியா 1982-ல் கையெழுத்திட்டது, ஆனால் ஊர்ஜிதம் செய்யவில்லை. அமெரிக்காவோ, நிலம் சொந்தமில்லாவிட்டாலும் அதிலிருந்து எடுத்த பொருள் எடுத்தவனுக்கே சொந்தம் என்று 2015-ல் தன் வீட்டுக்குச் சட்டம் செய்துகொண்டது. அந்த வழியையே தழுவிய ஆர்ட்டிமிஸ் உடன்பாட்டில் இந்தியா 2023 ஜூன் 21-ந் தேதி கையெழுத்திட்டது. இரண்டு கையெழுத்துக்களும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தும் என்று பூங்காச் சபையார் கேட்டால், அது மிகவும் நல்ல கேள்வி. பார்லிமெண்டிலும் சர்வகலாசாலைகளிலும் அக்கேள்வி உரக்கக் கேட்கப்பட வேண்டும்.

2023 ஆகஸ்டு 23-ந் தேதி, விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் அவர்கள் தலைமையில் சந்திரயான்-3 சந்திரனின் தென் பகுதியில் இறங்கியது. ஆகவே, சந்திரனின் செல்வத்தைப் பற்றி நடக்கும் ஆலோசனைகளில் நாம் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள் அல்லர். கூடத்துக்குள் போய் உட்காரும் உரிமை நமக்குக் கிடைத்துவிட்டது. அந்த உரிமையை உபயோகிக்க வதந்தி உதவாது, அறிவு உதவும். “எல்லாம் ரகசியமாக நடக்கிறது” என்று நம்புகிறவன், தான் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிவிடுகிறான். படம் அனைவர் முன்னிலும் விரிந்து கிடக்கிறது என்று அறிந்தவனோ இராத்திரி விழித்திருந்து வெள்ளைப் புள்ளியைத் தேடுகிறான்.

நம் பிள்ளைகளுக்குக் கதை சொல்வதைக் குறைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுப்போம். டன் ஒன்றுக்குப் பத்து மில்லிகிராம் என்றால் எத்தனை லாரி என்று அவர்கள் தாங்களே கணக்குப் போடட்டும். அவ்விதம் கணக்குப் போடத் தெரிந்த ஜனங்களிடமிருந்து மணலையும் சந்திரனையும் ஏமாற்றி வாங்குவது யாருக்கும் எளிதன்று.