கடைமடையின் கதை: அந்நியர் ஆட்சியில் நம் உழவு

உலகில் எத்தனையோ தொழில்கள் உண்டு. அவற்றுள் தலையாயது உழவு. அதனால்தான் திருவள்ளுவரும் உழவுக்கென்றே தனி அதிகாரம் வகுத்தார். நாம் நாள்தோறும் உண்ணும் சோறு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் சிறு குழந்தையும் வயலைக் காட்டும். ஆனால் அந்த வயலின் மீது யாருடைய சட்டம் நடந்தது, அதற்கு வந்த நீரை யார் பங்கிட்டார்கள், அதில் உழைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். போர்களையும் உடன்படிக்கைகளையும் மனப்பாடம் செய்யும் நாம், வயலின் வரலாற்றையும் சிறிது அறிந்து கொள்வோமா, தோழியரே?

ஒரே ஆறு, இரண்டு அரசுகள்

எங்கள் அம்பகரத்தூர், திருநள்ளாற்றிலிருந்து பேரளம் செல்லும் சாலையில் உள்ளது. பத்ரகாளியம்மன் கோயிலால் பலரும் அறிந்த ஊர். காவிரியின் கிளைகளான அரசலாறு, நாட்டாறு, நூலாறு, வாஞ்சியாறு முதலியவை காரைக்கால் பகுதியை வளப்படுத்துகின்றன. காவிரி நீர் கடைசியாக வந்து சேரும் இடமாதலால் இதைக் 'கடைமடை' என்பர்.

1739 ஆம் ஆண்டில் தஞ்சை மராத்திய மன்னரிடமிருந்து காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர் பெற்றனர். சுற்றியிருந்த ஊர்கள் பின்னர் சேர்ந்தன. 1799 இல் தஞ்சை நாடு ஆங்கிலேயர் வசமாயிற்று. காரைக்காலையும் ஆங்கிலேயர் இடையிடையே பிடித்தனர். 1817 இல் அது மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் வந்தது. ஆகவே ஒரே ஆற்று நீரில் விளைந்த வயல்களுள் சில பிரெஞ்சு அரசுக்கும், பல ஆங்கில அரசுக்கும் வரி கட்டின. வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் வேறொரு சட்டம்!

முன்னோர் கண்ட முறை

நம் முன்னோர் குறுவை, சம்பா, தாளடி என்று பருவம் பிரித்துப் பயிர் செய்தனர். உவர் நிலத்திற்குக் குழியடிச்சான் போன்ற நெல்லைத் தேர்ந்தனர். ஆட்டுக்கிடை கட்டியும், கொழிஞ்சித் தழையை மிதித்தும் நிலத்திற்கு உரமூட்டினர். சம்பா அறுவடைக்கு முன் ஈரம் காயாத வயலில் உளுந்தும் பயறும் தெளித்தனர்.

ஆற்றில் நீர் வருமுன் கோடையிலேயே ஊர் கூடி வாய்க்காலைத் தூர்வாரும். இதற்குக் 'குடிமராமத்து' என்று பெயர். களத்தில் நெல் அளக்கும்போது தச்சர், கொல்லர், வண்ணார், நீர் பாய்ச்சுபவர் ஆகியோருக்கும் பங்கு உண்டு.

1889 இல் ஜான் அகஸ்டஸ் வோல்கர் என்னும் ஆங்கில வேளாண் அறிஞரை அரசு இந்தியாவுக்கு வரவழைத்தது. நாட்டைச் சுற்றிப் பார்த்த அவர், இந்திய உழவர் ஒன்றும் அறியாதவர் என்ற எண்ணம் தவறு என்று 1893 இல் வெளியான தமது அறிக்கையில் எடுத்துரைத்தார்.

நீர் யார் கையில்?

ஆங்கிலேயர் காலத்தில் நன்மையே நடக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. காவிரித் தலைப்பில் மணல் மேடிட்டு, நீரெல்லாம் கொள்ளிடத்தில் வீணாகச் சென்றது. ஆர்தர் காட்டன் 1836 இல் மேலணை கட்டி அதைத் தடுத்தார். மணலில் அடித்தளம் இடும் வித்தையைக் கல்லணை கட்டிய நம்மவரிடமே கற்றதாக அவர் ஒப்புக்கொண்டார்.

ஆனால் நீரின் நிர்வாகம் ஊரின் கையிலிருந்து அலுவலகத்தின் கைக்கு மாறியது. குடிமராமத்துக்கு வராதவர்களைக் கட்டாயப்படுத்த 1858 இல் சென்னை மாகாணம் சட்டமே இயற்றியது. ஊர் விரும்பிச் செய்த வேலைக்குச் சட்டம் தேவைப்பட்டது என்றால், அந்த வழக்கம் எவ்வளவு தளர்ந்திருக்க வேண்டும்!

மேட்டூர் அணை 1934 இல் முடிந்தது. அதற்கு வழிவகுத்த 1924 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் சென்னையும் மைசூரும் கையொப்பமிட்டன. காவிரியின் கடைசிச் சொட்டை நம்பியிருந்த காரைக்காலுக்கு அதில் இடமில்லை.

நிலம் யாருக்கு?

பிரெஞ்சு அரசு 1854 ஜனவரி 16 இல் ஓர் ஆணை பிறப்பித்தது. வரி செலுத்தி நிலத்தை வைத்திருப்பவரே அதன் முழு உரிமையாளர் என்று அது கூறியது. நில உடைமையாளருக்கு இது நன்மையாயிற்று. சேற்றில் இறங்கி உழைத்த பண்ணையாட்களுக்கோ ஒரு குழி நிலமும் வரவில்லை. சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டிருந்த அவர்கள் நிலை அப்படியே நின்றது. பழைய முறை எல்லாம் பொன் என்று நாங்கள் எழுத முடியாதது இதனால்தான். களத்தில் எல்லார்க்கும் பங்கு இருந்தது உண்மை. அந்தப் பங்குகள் சமமாக இல்லை என்பதும் உண்மை.

கப்பல் ஏறிய கைகள்

1848 இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிந்தது. அங்கிருந்த கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஏழைத் தமிழர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கப்பல் ஏறினர். ரெயூனியன் தீவுக்கும், 1853 முதல் மர்த்தினிக்குக்கும், 1854 முதல் குவாதலூப்புக்கும் சென்றனர். குவாதலூப்புக்கு மட்டும் இந்தியாவிலிருந்து நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் சென்றனர். பலர் திரும்பவே இல்லை. ஆங்கில அரசு 1882 இல் ரெயூனியனுக்கும், 1888 இல் மற்ற இரு தீவுகளுக்கும் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அங்குள்ள அவர்கள் வழித்தோன்றல்கள் மொழியை மறந்தும் மாரியம்மனை மறக்கவில்லை. நாற்று நட்ட கைகள் கரும்பு வெட்டப் போன கதை இது. நம் பாடநூலின் ஓரத்திலாவது இது இடம்பெற வேண்டாமா?

பின்னர் நடந்தவை

1952 இல் தஞ்சை மாவட்டத்தில் குத்தகைதாரர்களையும் பண்ணையாட்களையும் காக்கச் சட்டம் வந்தது. காரைக்கால் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அச்சட்டம் வரப்பைத் தாண்டவில்லை. 1954 நவம்பர் 1 இல் காரைக்கால் இந்தியாவுடன் இணைந்தது; 1962 ஆகஸ்டு 16 இல் அது சட்டப்படி உறுதியாயிற்று. நில உச்சவரம்புச் சட்டமும் பிறகு வந்தது. காவிரி நடுவர் மன்றம் 2007 இல் புதுச்சேரி மாநிலத்துக்கு, அதாவது காரைக்காலுக்கு, 7 டி.எம்.சி. நீர் ஒதுக்கியது. 2018 இல் உச்ச நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது. 1924 இல் கிடைக்காத இடம் இவ்வாறு கிடைத்தது.

தோழியரே! அந்நியர் ஆட்சி நம் உழவுக்குச் செய்த பெருந்தீங்கு வரி மட்டுமன்று. நீரைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் உழைப்பைப் பற்றியும் முடிவெடுக்கும் உரிமை உழுதவனிடம் இல்லாமற் போனதே பெருந்தீங்கு. இன்று ஆட்சி நம்முடையது. எனவே வாய்க்காலில் குப்பை கொட்டாதிருப்பது முதல் உழைப்பவர்க்கு உரிய கூலியும் மதிப்பும் தருவது வரை, பொறுப்பும் நம்முடையதே. தட்டில் சோறு மிச்சம் வைக்கும் முன், கடைமடை வரை அந்த நீர் வந்த வழியை ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம்.