மாவு பிசைந்த சீமாட்டி

சகோதரிகளே, சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கும் வேளையில் யாராவது வந்து, "அடேயப்பா, நீங்கள் அசல் லேடிதான்!" என்று சொன்னால் கேலி செய்கிறார் என்றுதானே நினைப்பீர்கள்? கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை!

'லேடி' பார்வைக்கு ஒற்றைச் சொல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்போ அது கூட்டுச் சொல்லாக இருந்தது. பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லாஃப்' என்றால் ரொட்டி. இன்றைய 'லோஃப்' அதன் வாரிசு. அதனுடன் மாவு பிசைபவள் என்ற பொருளில் 'டீயெ' சேர்ந்து 'ஹ்லேவ்டீயெ' ஆயிற்று. பிசைந்த மாவைக் குறிக்கும் 'டோ' இதற்கு உறவு. நாளடைவில் வாய்க்கு வாய் தேய்ந்து 'லேடி' என்று நின்றுவிட்டது.

அப்படியானால் 'லார்டு'? அவரும் ரொட்டிக் குடும்பம்தான்! 'ஹ்லாஃப்வெயார்ட்' என்றால் ரொட்டியைக் காப்பவர். அம்மாள் பிசைந்தாள்; ஐயா காவல் காத்தார். அவர்களை அண்டிப் பிழைத்தவனுக்குப் பெயர் 'ஹ்லாஃப்-ஏட்டா', அதாவது ரொட்டி தின்பவன். கி.பி. 600-ஐ ஒட்டி, கென்ட் நாட்டு அரசர் ஈதெல்பெர்ட் இயற்றிய சட்டத்தில் இந்தச் சொல் வருகிறது. ஒரு குடியானவனின் 'ரொட்டி தின்பவனை'க் கொன்றால் 6 ஷில்லிங் ஈடு தரவேண்டுமாம்!

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். மொழி நூலார் 'டோ'வின் வேரைத் தேடிப் போய், வடமொழியின் 'தேஹ' என்ற சொல்லிலும் அதே வேரைக் கண்டார்கள். குழைத்து உருவாக்குவது என்பது அதன் பொருள். "தேகம் சௌக்கியமா?" என்று நாம் விசாரிக்கிறோமே, அந்தத் தேகம்தான்! ஆக, லேடியும் தேகமும் தூரத்துச் சொந்தம்.

பிற்பாடு நடந்ததுதான் வருத்தம். பட்டம் உயர உயர, கை மாவை விட்டு விலகியது. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், கையால் வேலை செய்யத் தேவையில்லாதவளே 'லேடி' என்று கருதப்பட்டாள். உழைத்த கைக்கு உரிய பெயரை உழைக்காத கை தட்டிக்கொண்டு போய்விட்டது!

"நான் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்" என்று இனி யாரிடமாவது சொல்ல வாயெடுத்தால், விரலில் ஒட்டியிருக்கும் மாவை ஒரு தரம் பாருங்கள். அந்த மாவிலிருந்து பிறந்ததுதான் சீமாட்டிப் பட்டம்.

ஐயா மாவு பிசைந்து கொடுத்தால்? அன்றைக்கு மட்டும் அவரே லேடி!