மேட்டு மண் விளைகிறது, பள்ளத்து மண் கரிக்கிறது – ஏன்?

நம் செங்கல்பட்டுப் பக்கத்துக்கு 'ஏரிகள் மாவட்டம்' என்று ஒரு பெயர் உண்டு. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்குத் தண்ணீர் போகும். தண்ணீர் தனியாகப் போவதில்லை, உப்பையும் கூட்டிக்கொண்டு போகிறது!

உப்பு எப்படி இறங்குகிறது?

பாறை சிதைந்து மண்ணாகும்போது சோடியம், கால்சியம் உப்புகள் வெளிவரும். மேட்டில் விழும் மழை அவற்றைக் கரைத்து, மண்ணுக்குள்ளேயே சரிவில் இறக்கிவிடும். பள்ளத்தில் நிலத்தடி நீர் மேலாக நிற்கும். வெயில் காலத்தில் அது மண்ணின் நுண்துளை வழியே ஏறி ஆவியாகும். உப்பு ஆவியாகாதே! தரையிலேயே தங்கிவிடும். "பள்ளத்து மண்ணு பூத்துப்போச்சு" என்று எங்க தாத்தா சொல்வது இதைத்தான்.

உவர் வேறு, களர் வேறு

உவர் மண்ணில் கரையும் உப்பு அதிகம். மேலே வெள்ளையாகப் பூக்கும். களர் மண்ணில் சோடியம் களித்துகளோடு ஒட்டிக்கொள்ளும் (15 சதவீதத்துக்கு மேல்). பி.எச். 8.5-ஐத் தாண்டும். துகள்கள் பிரிந்து துளைகளை அடைத்துவிடும். நனைந்தால் சேறு, காய்ந்தால் கல்லு!

வைத்தியமும் வேறு

உவர் நிலத்தில் வடிகால் வெட்டி, நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் போதும். களரில் தண்ணீரே இறங்காது. முதலில் ஜிப்சம் போட வேண்டும். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியே தள்ளும். பிறகுதான் வடிக்க வேண்டும். தக்கைப்பூண்டை மடக்கி உழலாம். திருச்சி 1, திருச்சி 3 நெல் ரகங்கள் களரைத் தாங்கும்.

உவரும் களரும் கலந்த நிலத்தில் ஜிப்சம் இல்லாமல் வெறும் தண்ணீர் கட்டினால் ஆபத்து. உப்பு போய்விடும், சோடியம் நின்றுவிடும். நிலம் முன்பைவிடக் கெட்டுப்போகும். வடித்த தண்ணீரைக் கீழ் வயல்காரர் தலையில் கட்டிவிடவும் கூடாது, ஓடையில்தான் விட வேண்டும்.

செய்து பாருங்கள்

மேட்டு மண், பள்ளத்து மண் ஒவ்வொரு ஸ்பூன் எடுத்து, மழைத்தண்ணீர் உள்ள இரண்டு பாட்டில்களில் போட்டுக் குலுக்குங்கள். மறுநாளும் கலங்கலாகவே இருந்தால் அதில் சோடியம் அதிகமாக இருக்கலாம். அதில் சாக்பீஸ் தூள் போட்டுக் குலுக்கி வையுங்கள். சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சத்தைச் சுட்ட மாவில் செய்வதுதான். தண்ணீர் தெளிந்தால் ஜிப்சத்தின் வேலை புரியும்!

வீட்டில் நிலம் இருந்தால் மேடு, சரிவு, பள்ளம் மூன்றின் மண்ணையும் கலக்காமல் தனித்தனியாகப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். நம் பக்கத்துக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விவரம் கேட்கலாம். நோய் தெரிந்து மருந்து போடுவோம்!

– 9-ஆம் வகுப்பு மாணவன்