சாரணர் தேர்ச்சிச் சின்னங்கள்: கற்பவரும் வழிகாட்டியும்

சாரணச் சிறுவனது சட்டைக் கையில் தைக்கப்பட்டிருக்கும் சிறு துணிச் சின்னத்தை அலங்காரமாகக் கருதுவோர் பலர். உண்மையில் அஃது ஓர் உறுதிமொழியாகும். முதலுதவிச் சின்னம் அணிந்தவன், விபத்து நேர்ந்த இடத்தில் ஒதுங்கி நிற்கமாட்டான். செய்யத் தக்கதையும் தகாததையும் அறிந்தவன் என்று சமூகத்திற்கு அது அறிவிக்கிறது. அந்த அறிவிப்பு மெய்யாக இருக்கவேண்டுமாயின், சின்னம் பெறப்படும் முறையும் செம்மையாக இருத்தல் வேண்டும்.

வளர்ந்த வரலாறு

1907-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் 20 சிறுவர்களைக் கொண்டு நடத்திய முகாமே சாரணர் இயக்கத்தின் தோற்றுவாய். 1909-இல் இயக்கம் இந்தியாவிற்கு வந்தபோது இந்தியச் சிறுவர்களுக்கு அதில் இடமில்லை. இந்நிலையை மாற்ற 1916-இல் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தோற்றுவித்தார். மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் வடநாட்டில் சேவா சமிதி சாரணர் இயக்கத்தை வளர்த்தனர். விடுதலைக்குப் பின் 1950 நவம்பர் 7 அன்று சாரணர் அமைப்புகள் ஒன்றிணைந்தன. 1951 ஆகஸ்ட் 15 அன்று சாரணியர் அமைப்பும் இணைந்தது. இன்றைய பாரத சாரண சாரணியர் இயக்கம் இவ்வாறு உருப்பெற்றதாகும்.

படிப்படியான ஏற்றம்

இளஞ்சிறாருக்குக் குருளையர், நீலப்பறவையர் பிரிவுகளும், அவர்களுக்கு அடுத்த வயதினருக்குச் சாரணர், சாரணியர் பிரிவுகளும், இளைஞர்களுக்குத் திரிசாரணர், திரிசாரணியர் பிரிவுகளும் உள்ளன. சாரணர் பிரிவில் சேரும் மாணவன் முதலில் 'பிரவேஷ்' என்னும் நுழைவு நிலையை அடைகிறான். பின்னர் பிரதம, த்விதீய, த்ரிதீய சோபான்கள் என்னும் மூன்று படிகளைக் கடக்கிறான். அவற்றுக்கு மேல் மாநில அளவில் ராஜ்ய புரஸ்காரும், குடியரசுத் தலைவரின் பெயரால் வழங்கப்பெறும் ராஷ்டிரபதி விருதும் உள்ளன.

இப்படிகளில் ஏறும்போது குறிப்பிட்ட தேர்ச்சிச் சின்னங்களையும் பெறவேண்டும். சமையல், நீச்சல், வழிகாட்டல், முகாம் வாழ்க்கை, முதலுதவி, சமூகத் தொண்டு என அவை பலவகைப்படும். தன் நாட்டத்திற்கேற்பத் தெரிவு செய்ய மாணவனுக்கு இடமுண்டு. வகுப்பறைத் தேர்விலிருந்து இம்முறை வேறுபடுவது இங்கேதான். இங்கு ஒருவன் மற்றவனோடு போட்டியிடுவதில்லை; நேற்றைய தன் ஆற்றலை இன்று கடக்கிறான்.

அணியும் ஆசிரியரும்

கற்றலின் முதற்களம் அணியாகும். ஏறத்தாழ 6 முதல் 8 பேர் கொண்ட அணிக்கு, அவர்களுள் ஒருவனே தலைவன். முடிச்சுப் போடவும் கூடாரம் அமைக்கவும் மூத்தவன் இளையவனுக்குக் கற்பிக்கிறான். சாரண ஆசிரியர் இவ்வேலையைத் தாமே செய்துவிடாமல், வாய்ப்பளித்துக் கண்காணிக்கிறார். முன்வந்து பணியாற்றும் இவ்வாசிரியருக்கும் பயிற்சி உண்டு. அடிப்படை, உயர்நிலைப் பயிற்சிகளை முடித்தவர், உரிய நடைமுறைப் பணிகளையும் நிறைவேற்றி இமாலய உட் பேட்ஜ் பெறலாம். மத்தியப் பிரதேசத்தின் பச்மடியில் தேசியப் பயிற்சி நிலையம் அமைந்துள்ளது.

எல்லாத் துறைகளிலும் ஓராசிரியரே வல்லவராதல் அரிது. ஆகவே நீச்சலுக்குப் பயிற்சியாளரையும், முதலுதவிக்கு மருத்துவரையோ செவிலியரையோ, பயிர்த்தொழிலுக்கு அனுபவமிக்க உழவரையோ நாடுவதே முறை. கற்பிப்பவர் ஒருவராகவும் சோதிப்பவர் வேறொருவராகவும் இருத்தல் நலம். தம் மாணவனிடம் கொண்ட அன்பு, அவன் குறையைக் காணவிடாது மறைத்துவிடக்கூடும்.

அறிவு பழமையடைதல்

வழிகாட்டியின் தகுதி எத்துணை இன்றியமையாதது என்பதற்குப் பாம்புக்கடி ஓர் எடுத்துக்காட்டு. கடித்த இடத்திற்கு மேல் இறுகக் கட்டுதல், கீறிக் குருதியை உறிஞ்சுதல் ஆகியவை ஒரு காலத்தில் முதலுதவியாகவே கற்பிக்கப்பட்டன. இவை தீங்கு விளைவிப்பவை என்பதை இன்று மருத்துவம் தெளிவாக்கியுள்ளது. கடிபட்டவரை அமைதிப்படுத்தி, கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, நச்சுமுறி மருந்து கிடைக்கும் மருத்துவமனைக்கு விரைந்து கொண்டு செல்வதே சரியான வழி. பழைய பாடத்தையே கற்பிக்கும் வழிகாட்டியிடம் சின்னம் பெற்ற மாணவன், நல்லெண்ணத்தோடு ஓர் உயிருக்குத் தீங்கிழைக்க நேரலாம். மாணவனைச் சோதிக்கும் முன் வழிகாட்டி தம் அறிவைப் புதுப்பித்துக்கொள்வது கடமையாகிறது.

சான்றிதழும் திறனும்

விருதுகளுக்குப் பயன் மதிப்பும் உண்டு. ரயில்வே ஆள்சேர்ப்பில் சாரணர், சாரணியருக்குத் தனி ஒதுக்கீடு உள்ளது. இவ்வூக்குவிப்பு வரவேற்கத்தக்கதே. ஆயின் சான்றிதழே குறிக்கோளாகிவிடும்போது, பதிவேடு நிரம்புகிறது, கை பழகுவதில்லை. ஒரே நாளில் பல சின்னங்களுக்குத் தேர்வு நடத்திக் கையொப்பமிடுவது மாணவனுக்கு உதவியாகத் தோன்றினும், அவனை ஏமாற்றுவதேயாகும்.

இதற்குத் தீர்வு எளிது. விடையைச் சொல்லக் கேட்பதோடு நில்லாமல், செய்து காட்டச் சொல்லவேண்டும். தவறியவனை இகழாது, குறையைச் சுட்டி, மீண்டும் வர நாள் குறிக்கவேண்டும். சின்னம் பெற்ற பின்னும் அத்திறனைப் பயன்படுத்த வாய்ப்பளிக்கவேண்டும். திருவிழாக் கூட்டத்தில் தொண்டு, பள்ளித் தோட்டப் பராமரிப்பு, எழுத்தறிவுப் பணி ஆகியன இதற்கேற்ற களங்கள். சிறாரோடு பழகும் பெரியவர்கள் தனிமையைத் தவிர்த்து, பிறர் காணத்தக்க இடத்தில் பயிற்சியளிப்பதையும் கல்வி அலுவலர்கள் உறுதி செய்தல் வேண்டும்.

தேர்வில் ஒருமுறை தவறி, மறுமுறை முயன்று சின்னம் பெற்ற மாணவனுக்கு அதன் மதிப்பு தெரியும். அந்த மதிப்பைக் காப்பது, கையொப்பமிடும் பெரியவரின் பொறுப்பாகும். 'தயாராக இரு' என்னும் இயக்கத்தின் குறிக்கோள் மாணவனுக்கு மட்டும் உரியதன்று; அவனுக்கு வழிகாட்டுபவருக்கும் உரியதே.